ஆயிரக்கணக்கில் செல்கள், எத்தனை மனிதர்கள்?

"அக்கா, நான் பயோடெக் படிக்கிறேன். கோடிங் தெரியாது. கம்ப்யூட்டேஷனல் பயாலஜி பக்கம் வர முடியுமா?"

கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளிடமிருந்து எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். முடியும் என்று ஒரு வார்த்தையில் பதில் போட்டுவிடலாம். அடுத்து என்ன கேட்பார்கள் என்பதும் தெரியும்: பைத்தானா, ஆரா? எந்த கோர்ஸ் சேரலாம்? எந்தச் சான்றிதழுக்கு மதிப்பு? இந்தத் துறை என்ன கேள்விகளுக்குப் பதில் தேடுகிறது என்று கேட்பவர்கள் அரிது. அவர்கள் மேல் தப்பில்லை, யாரும் அவர்களுக்கு அதைச் சொல்லவில்லை. அதனால் இந்த முறை நீளமாகவே எழுதுகிறேன். நான் இந்தப் பக்கம் வந்த கதை, இங்கே செய்யும் வேலை, ஆராய்ச்சி மாணவியாக எனக்குப் பிடிபட்ட முக்கியமான ஒரு விஷயம், மூன்றும் இதில் வரும்.

பி.டெக். பயோடெக்னாலஜியில் எங்களுக்கு பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் ஒரு பேப்பர். பிளாஸ்ட் ஓட்டுவது, இரண்டு வரிசைகளை அருகருகே வைத்து ஒப்பிடுவது, புரத அமைப்பைத் திரையில் சுழற்றிப் பார்ப்பது, அவ்வளவுதான். அந்தப் பாடத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது ராமச்சந்திரன் வரைபடம். ஜி.என். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது, சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து 1963இல் வெளியிட்டது. புரதச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் இரண்டு கோணங்களில் திரும்பலாம். அணுக்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் என்பதால் எல்லாக் கோணங்களும் சாத்தியமில்லை. எவை சாத்தியம், எவை இல்லை என்று கணக்குப் போட்டுத் தாளில் எல்லை வரைந்துவிட்டார்கள். இன்றும் ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்துச் சர்வதேசத் தரவு வங்கியில் சேர்க்கும்போது, அந்த வரைபடத்தில் அது எப்படி விழுகிறது என்று சரிபார்க்கிறார்கள். உயிரைப் பற்றிய கேள்விக்குக் கணக்கு வழியாக இவ்வளவு உறுதியான பதில் சொல்ல முடியும் என்பது எனக்கு அப்போது பெரிய செய்தி. அதுவும் கிண்டியில் இருந்து.

ஆனாலும் நான் முதலில் போனது வெட் லேபுக்குத்தான். பைப்பெட் பிடிப்பது எனக்குப் பிடிக்கும், இப்போதும் பிடிக்கும். எம்.எஸ்சி. முடித்து, தேர்வு எழுதி, ஜேஆர்எஃப் வாங்கி ஒரு நோயெதிர்ப்பு ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தேன். ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து, அவற்றிலிருந்து ஆர்என்ஏ எடுத்து, எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று அளப்பது என் வேலை. நோயாளியின் ரத்தத்தில் ஒரு மரபணு இரண்டு மடங்கு ஏறியிருக்கும். சந்தோஷமாகக் குறித்துக்கொள்வோம். பிறகு யோசித்தால் எதுவும் நிச்சயமில்லை. எல்லா செல்லிலும் அது இரண்டு மடங்கு ஏறியதா? அல்லது அதை எப்போதும் அதிகம் செய்யும் ஒரு வகை செல்கள் எண்ணிக்கையில் கூடிவிட்டனவா? லட்சக்கணக்கான செல்களை மொத்தமாக உடைத்து ஆர்என்ஏவை ஒன்றாகச் சேர்த்துவிட்ட பிறகு கிடைப்பது சராசரி ஒன்றுதான். அந்தச் சராசரிக்குப் பின்னால் என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

அந்த எரிச்சலோடு இருந்த சமயத்தில்தான் அயனோசைட் பற்றிய கட்டுரைகளைப் படித்தேன். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நுரையீரல் நோய்க்குக் காரணமான சிஎஃப்டிஆர் மரபணு 1989இலேயே கண்டுபிடிக்கப்பட்டது. மருத்துவ மரபியலில் இவ்வளவு விரிவாக ஆராயப்பட்ட மரபணுக்கள் குறைவு. மூச்சுக்குழாயின் உட்சுவரில் பரவலாக உள்ள செல்களில்தான் அது வேலை செய்கிறது என்றே பலரும் எண்ணியிருந்தார்கள். 2018இல் நேச்சர் இதழில் இரண்டு குழுக்கள் ஒரே சமயத்தில் கட்டுரை வெளியிட்டன. மூச்சுக்குழாய்ச் செல்களைத் தனித்தனியாக அளந்து பார்த்தபோது, நூற்றில் ஒன்று என்ற அளவில்கூட இல்லாத, அதுவரை யாரும் பெயர் வைத்திராத ஒரு செல் வகை அகப்பட்டது, அதுதான் அயனோசைட். சிஎஃப்டிஆர் அங்கே கொட்டிக் கிடந்தது. பின்னால் வந்த ஆய்வுகள், மனித மூச்சுக்குழாயில் சுரப்புச் செல்களுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு என்று காட்டின, ஆகவே கதை அங்கேயே முடிந்துவிடவில்லை. ஆனாலும் முப்பது ஆண்டுகள் உலகம் முழுக்க ஆராய்ந்த ஒரு மரபணுவின் இருப்பிடத்தில் இப்படி ஒரு செல் கண்ணில் படாமலே இருந்தது என்றால், நாம் அளந்த விதத்தில் ஏதோ விடுபட்டிருக்கிறது என்றுதானே பொருள்? பிஎச்.டி.க்கு சிங்கிள் செல் பக்கம் போவது என்று நான் முடிவெடுத்தது அதைப் படித்த பிறகுதான்.

எப்படி ஒரே ஒரு செல்லை அளக்கிறார்கள் என்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் கணக்கெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது. ஒரு மனித செல்லில் உள்ள மொத்த ஆர்என்ஏ ஏறக்குறைய 10 பிகோகிராம். ஒரு கிராமைக் கோடி பங்காக்கி, அதில் ஒரு பங்கை மறுபடி பத்தாயிரமாகப் பிரித்தால் வரும் அளவு. இவ்வளவு குறைந்த சரக்கிலிருந்து முழு மரபணுப் பட்டியலையும் படிக்க முடியும் என்று 2009இல் ஃபுசோ டாங்கும் உடன் உழைத்தவர்களும் காட்டினார்கள். கேம்பிரிட்ஜில் அசீம் சுரானியின் ஆய்வுக்கூடத்தில் நடந்த வேலை அது. எலிக் கருவின் ஒரு தனிச் செல்லை எடுத்து அளந்தார்கள். அப்போது ஒவ்வொரு செல்லையும் கையால் பொறுக்கி எடுக்க வேண்டும். 2015இல் நிலைமை தலைகீழானது. செல் இதழின் ஒரே பதிப்பில் டிராப்-சீக், இன்டிராப் என்று இரண்டு முறைகள் வெளிவந்தன. எண்ணெயில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளி ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு செல்லும் ஒரு மணியும் போய் மாட்டிக்கொள்ளும். மணியின் மேல் கோடிக்கணக்கான டிஎன்ஏ இழைகள் ஒட்டியிருக்கும். ஒரு மணியில் உள்ள எல்லா இழையிலும் ஒரே குறியீடு, அடுத்த மணியில் வேறு குறியீடு. துளிக்குள் செல் உடைந்ததும் அதன் ஆர்என்ஏ இழைகள் அந்த மணியில் ஒட்டிக்கொண்டு குறியீட்டைப் பெற்றுக்கொள்ளும். அதன் பிறகு எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து வரிசையாக்கினாலும் கவலையில்லை, எந்த ஆர்என்ஏ எந்த செல்லிலிருந்து வந்தது என்று குறியீட்டைப் படித்துச் சொல்லிவிடலாம். டிராப்-சீக் கட்டுரையில் எலியின் விழித்திரையிலிருந்து 44,808 செல்களை அளந்து 39 கூட்டங்களாகப் பிரித்திருந்தார்கள். இன்று பெரும்பாலான ஆய்வுக்கூடங்கள் டென்எக்ஸ் நிறுவனத்தின் கருவியைப் பயன்படுத்துகின்றன, அடிப்படை இதேதான்.

இதற்குள் இன்னொரு நுட்பம் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. மிகக் குறைந்த சரக்கு என்பதால் அதைப் பிரதியெடுத்துப் பெருக்கியாக வேண்டும். பெருக்கும்போது சில இழைகள் பத்து மடங்கு பெருகும், சில ஆயிரம் மடங்கு. அப்படியானால் எண்ணுவது எதை? அதற்காக ஒவ்வொரு ஆர்என்ஏ இழைக்கும் பெருக்குவதற்கு முன்பே தனியாக ஒரு சீட்டு ஒட்டிவிடுகிறார்கள், யுஎம்ஐ என்று பெயர். பெருக்கிய பின் ஒரே சீட்டோடு ஆயிரம் பிரதி கிடைத்தாலும் கணக்கில் ஒன்றுதான். 12 எழுத்துச் சீட்டு என்றால் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேல் வெவ்வேறு சீட்டுகள் சாத்தியம். இப்படி எண்ணி எண்ணிக் கடைசியில் கையில் கிடைப்பது ஓர் அட்டவணை: வரிசையில் மரபணுக்கள், பத்தியில் செல்கள், கட்டத்தில் எண்ணிக்கை.

பைப்பெட்டை வைத்துவிட்டு நான் கணினிக்கு வந்தது அந்த அட்டவணைக்காகத்தான். எக்செலில் திறக்கவே முடியாது. முடிந்தாலும் திறக்கக் கூடாது என்று பிறகு தெரிந்துகொண்டேன். செப்டின் குடும்பத்து மரபணு ஒன்றின் பெயரைச் செப்டம்பர் 1 என்றும், மார்ச் என்று தொடங்கும் பெயரை மார்ச் 1 என்றும் எக்செல் தேதியாக மாற்றிவிடும். எக்செல் கோப்பில் மரபணுப் பட்டியலை இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இப்படிப்பட்ட பிழை இருந்ததாக 2016இல் ஒரு குழு எண்ணிக் காட்டியது. கடைசியில் 2020இல் மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழு அந்த மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டது. ஒரு மென்பொருளின் பழக்கத்துக்காக மரபணுவின் பெயர் மாறுகிறது என்றால், எண்களைக் கையாளும் விதம் உயிரியலுக்குள் எவ்வளவு ஆழமாகப் போயிருக்கிறது பாருங்கள்.

சிங்கிள் செல் கற்க வரும் எல்லோரும் தொடங்குவது ஒரே இடத்தில்: பிபிஎம்சி 3கே என்ற இலவசத் தரவு. 2,700 ரத்த வெள்ளணுக்கள், 32,738 மரபணுக்கள். பெருக்கினால் ஏறக்குறைய 8.8 கோடி கட்டங்கள். அவற்றில் பூஜ்ஜியம் இல்லாத கட்டங்கள் 23 லட்சம்கூடத் தேறாது. நூற்றுக்கு 97க்கு மேல் வெறும் பூஜ்ஜியம்! அதில் எது மரபணு உண்மையிலேயே ஓய்வில் இருப்பதால் வந்த பூஜ்ஜியம், எது நம் கருவி பிடிக்கத் தவறியதால் வந்த பூஜ்ஜியம் என்று தனித்தனியாகச் சொல்ல முடியாது. ஆனால் செல்களைக் கூட்டம் கூட்டமாகச் சேர்த்துப் பார்த்தால் உருவம் தெரிய ஆரம்பிக்கும். சூராட் என்ற ஆர் மென்பொருளில் நான் முதலில் செய்தது இதுதான். புள்ளிகளால் ஓவியம் தீட்டிய பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சூராவின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். பைத்தான் விரும்புவோருக்கு ஸ்கேன்பை இருக்கிறது. எம்எஸ்4ஏ1 மரபணு ஒளிரும் கூட்டம் பி செல்கள், என்கேஜி7, ஜிஎன்எல்ஒய் சேர்ந்து ஒளிர்ந்தால் என்கே செல்கள், ஒரு மூலையில் பிபிபிபி ஒளிரும் சின்னக் கூட்டம் தட்டணுக்கள். ஆண்டுக்கணக்கில் நுண்ணோக்கியிலும் ஃப்ளோ சைட்டோமெட்ரியிலும் பார்த்துப் பழகிய செல்கள் எண்களுக்குள்ளிருந்து எழுந்து வந்து நிற்கும்போது வரும் மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது!

வெட் லேப் அனுபவம் இங்கே வீணாகப் போவதில்லை. கோடிங் தெரியாதே என்று தயங்குகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு கூட்டத்தில் மைட்டோகாண்ட்ரியா மரபணுக்களின் பங்கு திடீரென்று ஏறியிருந்தால் அந்த செல்கள் சாகும் தறுவாயில் இருந்திருக்கலாம் என்று கணினி தானாகச் சொல்லாது. ரத்தம் எடுத்துப் பல மணி நேரம் கழித்துப் பிரித்தால் செல்கள் பதற்ற நிலைக்குப் போய்ச் சில மரபணுக்களை ஏற்றிவிடும், அதை நோயின் அடையாளம் என்று எழுதிவிடும் அபாயம் உண்டு. டி செல்லின் அடையாளமும் பி செல்லின் அடையாளமும் ஒரே குறியீட்டில் சேர்ந்து வந்தால் புது வகை செல் என்று குதிக்கக் கூடாது. ஒரு துளிக்குள் இரண்டு செல்கள் விழுந்திருக்கும். ஸ்க்ரப்லெட் போன்ற மென்பொருள்கள் அதைக் கண்டுபிடிக்க உதவும். சந்தேகப்படத் தெரிய வேண்டும், அந்தச் சந்தேகம் பெஞ்சில் நின்று வேலை செய்தவர்களுக்குச் சீக்கிரம் வரும்.

இனி, முக்கியமான விஷயம் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அது.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் வாரம் ஒருமுறை ஒருவர் தன் ரிசல்ட்டைக் காட்டுவார். ஒத்த செல்களை அருகருகே காட்டும் யூமாப் படம் திரையில் வரும், வண்ண வண்ணத் தீவுகளாக. இத்தனை ஆயிரம் செல்கள், இத்தனை மரபணுக்கள் மாறியிருக்கின்றன, பி மதிப்பு பத்தின் அடுக்கில் மைனஸ் அறுபது, எழுபது என்று எண்கள் ஓடும். புள்ளியியல் படித்துவிட்டு வந்த சீனியர் அக்கா ஒருவர் எப்போதும் ஒரே கேள்வியைத்தான் முதலில் கேட்பார்: "இதுல எத்தனை பேர்?" செல்களின் எண்ணிக்கையைச் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார். "செல் இருக்கட்டும்மா, ஆள் எத்தனை?"

அந்தக் கேள்விக்குள் இந்தத் துறையின் பாதி அடங்கியிருக்கிறது. மூன்று நோயாளிகள், மூன்று ஆரோக்கியமானவர்கள், ஆளுக்கு ஐந்தாயிரம் செல்கள் என்று வைத்துக்கொள்வோம். முப்பதாயிரம் செல்கள் கையில் இருப்பதால் முப்பதாயிரம் சாட்சிகள் இருப்பதாக மென்பொருள் எண்ணிக்கொள்ளும். ஆனால் ஒருவரின் ஐந்தாயிரம் செல்களும் ஒரே உடலில், ஒரே வயதில், ஒரே மரபணுத் தொகுப்போடு, ஒரே நாளில் எடுத்தவை. ஒரே வீட்டில் ஐந்தாயிரம் முறை கேட்டுவிட்டு ஊர் முழுக்க விசாரித்ததாக எழுதுவது போன்றது இது. நோயைப் பற்றிப் பேச நம்மிடம் உள்ள சாட்சிகள் ஆறு பேர். 2021இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் ஜோர்டன் ஸ்குவேரும் உடன் உழைத்தவர்களும் இதைச் சோதித்துக் காட்டினார்கள். உண்மையில் எந்த வித்தியாசமும் இல்லாத இடத்திலும் செல்லைச் செல்லாக எண்ணும் முறைகள் நூற்றுக்கணக்கில் மரபணுக்களை மாறியதாகச் சொல்லிவிடுகின்றன. ஒவ்வொருவரின் செல்களையும் வகை வாரியாகக் கூட்டி, ஆளுக்கு ஓர் எண் ஆக்கிக்கொண்டு ஒப்பிடும் பழைய பாணிக் கணக்கு, சூடோபல்க் என்பார்கள், அதைவிட நம்பகமாக நின்றது. பி மதிப்பு அழகாக இருக்காது. ஆனால் இன்னொருவர் திரும்பச் செய்தால் அதே பதில் வரும்.

பிபிஎம்சி 3கே தரவை இன்னொரு முறை நினைத்துப் பாருங்கள். உலகம் முழுக்க மாணவர்கள் அதில்தான் கற்கிறார்கள். அந்த 2,700 செல்களும் ஆரோக்கியமான ஒரே ஒருவரின் ரத்தம். கற்றுக்கொள்ள அது போதும். மனிதர்களைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் போதாது.

என் பிஎச்.டி. மரபியலுக்குள் திரும்பியதும் இந்த வழியாகத்தான். நோய்களோடு தொடர்புள்ள மரபணு மாறுபாடுகளைத் தேடும் ஜிடபிள்யூஏஎஸ் ஆய்வுகள் பல்லாயிரம் மாறுபாடுகளைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டன. சிக்கல் என்னவென்றால் அவற்றில் 90 சதவீதத்துக்கு மேல் புரதத்தை உருவாக்கும் பகுதிகளில் இல்லை. பக்கத்தில் உள்ள ஏதோ ஒரு மரபணுவைக் கொஞ்சம் ஏற்றும் அல்லது இறக்கும். எந்த மரபணுவை? எந்த செல்லில்? உடலின் எல்லா செல்லிலும் ஏறக்குறைய ஒரே டிஎன்ஏ இருந்தாலும், ஒரு மாறுபாடு பி செல்லில் வேலை செய்து மோனோசைட்டில் சும்மா இருக்கலாம். நிறையப் பேரின் டிஎன்ஏவையும் அவர்களின் செல்களையும் சேர்த்து அளந்தால்தான் இது தெரியும். 2022இல் சயன்ஸ் இதழில் வெளிவந்த ஒன்கே1கே ஆய்வு ஆஸ்திரேலியாவில் 982 பேரின் 12.7 லட்சம் ரத்த செல்களை இப்படி அளந்தது. மாறுபாடுகள் பலவும் குறிப்பிட்ட செல் வகைகளில் மட்டுமே செயல்பட்டன. மக்கள் கண்ணில் முதலில் படுவது மில்லியன் செல்கள் என்ற எண். எனக்கு அதில் பெரிய எண் 982.

அத்தனை பேரைத் தனித்தனியாக அளந்தால் செலவு தாங்காது. அங்கே மரபியலே வழிகாட்டுகிறது. பலரின் செல்களை ஒரே குழாயில் கலந்துவிடுகிறார்கள். அளந்து முடித்த பின், ஒவ்வொரு செல்லின் ஆர்என்ஏவிலும் தென்படும் எழுத்து மாறுபாடுகளைக் கொடையாளர்களின் டிஎன்ஏவோடு ஒப்பிட்டு, இந்த செல் இவருடையது என்று பிரித்துவிடலாம். டெமக்ஸ்லெட் என்ற இந்த முறை 2018இல் வந்தது. இரண்டு பேரின் மாறுபாடுகள் ஒரே குறியீட்டில் தெரிந்தால், ஒரே துளியில் இரண்டு செல்கள் விழுந்துவிட்டன என்பதும் அதிலேயே அகப்பட்டுவிடும். நமக்குப் பிறவியிலேயே அமைந்த மாறுபாடு ஆய்வுக்கூடத்தில் பெயர்ச்சீட்டாகப் பயன்படுகிறது. இதைப் படித்த அன்று நான் வேறு எந்த வேலையும் செய்யவில்லை, அந்தக் கட்டுரையின் கணக்கை ஒவ்வொரு வரியாகத் தாளில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எத்தனை பேர் என்று கேட்கப் பழகிவிட்டால், அடுத்த கேள்வி தானாக வரும்: அவர்கள் யார்? உலக மரபணு ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர். தெற்காசியாவில் மக்கள்தொகை எவ்வளவு, ஆய்வுகளில் நம் பங்கு எவ்வளவு என்று ஒப்பிட்டால் மனம் வலிக்கும். இதனால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது எம்ஒய்பிபிசி3 கதை. இதயத் தசைச் செல்லில் வேலை செய்யும் மரபணு அது. அதில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு மாறுபாடு இதயத்தசை நோயோடு தொடர்புடையது என்று 2009இல் நேச்சர் ஜெனடிக்ஸ் இதழில் வெளிவந்தது. ஹைதராபாத் சிசிஎம்பியின் கே. தங்கராஜும், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வைத் தொடங்கிய பெருந்துறை தண்டபாணியும் அந்த வேலையில் முன்னின்றவர்கள். இந்தியத் துணைக்கண்டத்தில் ஏறக்குறைய 100 பேரில் 4 பேருக்கு இந்த மாறுபாடு இருக்கிறது. ஐரோப்பியர்களை மட்டும் ஆராய்ந்துகொண்டிருந்தால் இது கண்ணில் பட்டிருக்கவே வாய்ப்பில்லை.

சொந்தத்துக்குள்ளும் சமூகத்துக்குள்ளும் மணம் முடிக்கும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக நம்மிடம் உண்டு. அதன் தடம் டிஎன்ஏவில் தெளிவாக இருக்கிறது. 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆராய்ந்த 263 தெற்காசியக் குழுக்களில் 81 குழுக்களில், சிறிய மூதாதையர் கூட்டத்திலிருந்து பெருகியதன் தடம் ஃபின்லாந்து மக்களிலும் அஷ்கெனாசி யூதர்களிலும் இருப்பதைவிட வலுவாக இருந்தது. ஃபின்லாந்தில் அரிய மரபு நோய்களைப் பட்டியலிட்டு ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து மருத்துவத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நம்மிடம் அப்படிச் செய்ய வேண்டிய குழுக்கள் டஜன் கணக்கில் காத்திருக்கின்றன.

நிலைமை மாறத் தொடங்கியிருக்கிறது. ஜீனோம் இந்தியா திட்டத்தின் 10,000 மரபணுத் தொகுப்புகள் 2025 ஜனவரியில் ஃபரிதாபாதில் உள்ள தேசியத் தரவு மையம் வழியாக ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. 2016இல் அவிவ் ரெகெவ், சாரா டைக்மன் ஆகியோர் தொடங்கிய மனித செல் அட்லஸ் முயற்சியின் ஒரு பகுதியாக, ஆசிய நோயெதிர்ப்புச் செல்களுக்கான அய்டா திட்டம் இந்தியா, சிங்கப்பூர், ஜப்பான், தென்கொரியா, தாய்லாந்து ஆகிய 5 நாடுகளிலிருந்து 619 பேரின் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட ரத்த செல்களை அளந்து 2025இல் வெளியிட்டது. வயது, பால், வம்சாவளி ஆகியவற்றால் செல்களின் விகிதமும் மரபணுக்களின் செயல்பாடும் எவ்வளவு வேறுபடுகின்றன என்று அதில் பார்க்கலாம். ஆரோக்கியமானவரின் ரத்தம் என்று ஒரே அளவுகோலை எல்லா நாட்டவருக்கும் வைத்துவிட முடியாது என்பதற்கு இதைவிட நேரான ஆதாரம் தேவையில்லை. சிங்கப்பூர் இந்தியர்கள் அதில் தனிக் குழு. அவர்களில் பாதிக்கு மேல் தமிழர்கள்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி இதையெல்லாம் கற்க வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். கோடிக்கணக்கான செல்களைக் கொண்டு பயிற்றுவித்த ஜீன்ஃபார்மர், எஸ்சிஜிபிடி போன்ற மாதிரிகளை நானும் ஓட்டிப் பார்க்கிறேன். ஆனால் ஒரு மரபணுவை மாற்றினால் செல் எப்படி நடந்துகொள்ளும் என்று முன்கூட்டிச் சொல்வதில், இத்தகைய மாதிரிகள் எளிய நேர்கோட்டுக் கணக்கை இன்னும் மிஞ்சவில்லை என்று 2025இல் நேச்சர் மெத்தட்ஸ் இதழில் ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள். நேர்கோட்டுக் கணக்கு தெரிந்தவர்களால்தான் அந்த ஒப்பீட்டைச் செய்யவே முடிந்தது.

ஆகவே தம்பி, தங்கை, கேட்டதற்குப் பதில். கோடிங் கற்றுக்கொள்ள முடியும், பயப்படாதீர்கள். ரோசலிண்ட் இணையதளத்தில் உள்ள சின்னச் சின்னக் கணக்குகளைப் பைத்தானில் போடுங்கள், எழுதும் கை அதில் பழகும். பயோகண்டக்டர் குழுவினர் சிங்கிள் செல் பகுப்பாய்வுக்கென்று எழுதிய முழுப் புத்தகம் இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது, ஆரில் அதை ஒவ்வொரு அதிகாரமாகச் செய்து பாருங்கள். செல்எக்ஸ்ஜீன் தளத்தில் பல கோடி செல்களின் தரவு இருக்கிறது, கருவி வாங்க வசதியில்லாத கல்லூரியில் படித்தாலும் அங்கே போய் உண்மையான கேள்வி கேட்கலாம். லேப்டாப் போதவில்லை என்றால் கூகுள் கோலாப் தொடக்கத்துக்குத் தாராளமாகப் போதும். ஆங்கிலம் தடையாக இருந்தால் முதலில் தமிழிலேயே எழுதிப் புரிந்துகொள்ளுங்கள். மாறுபாடு, சராசரி, நிகழ்தகவு எல்லாம் பிளஸ் டூ கணக்கில் நமக்கு ஏற்கெனவே தமிழில் அறிமுகமானவைதான்.

ஆனால் எல்லாவற்றுக்கும் மேலாகப் புள்ளியியலைக் கற்றுக்கொள்ளுங்கள், மென்பொருளுக்கு முன்பே. மென்பொருள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாறும். பயோடெக் பாடத்திட்டத்தில் புள்ளியியலுக்கு ஒரு பேப்பர்தான் ஒதுக்குகிறார்கள், அதையும் பார்முலா மனப்பாடம் செய்து கடந்துவிடுகிறோம். அதை ஒழுங்காகப் படித்தவர் ஒருவர் ஆய்வுக்கூடத்தில் இருந்தால் மொத்தக் கூட்டத்தின் வேலையும் நிமிரும். எங்கள் சீனியர் அக்காவைப் பார்த்துச் சொல்கிறேன்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். உங்களுக்குப் பிடித்த நோயைப் பற்றிய சிங்கிள் செல் கட்டுரை ஒன்றை எடுங்கள். வண்ணப் படங்களைத் தாண்டி நேராக மெத்தட்ஸ் பகுதிக்குப் போங்கள். ரத்தமோ திசுவோ எத்தனை பேரிடம் எடுத்தார்கள், அவர்கள் எந்த நாட்டினர், என்ன வயது, ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை என்று தேடி ஒரு தாளில் எழுதுங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு கட்டுரையின் முடிவுரையைப் படியுங்கள். சந்தேகம் வந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.